மாரித் தண்ணீரில் ஒரு கவிழ்ப்பு

தில்லைக்குடாவில் பிறந்த பெண்கள் வாவியில் குளிப்பார்கள், றால் தடவுவார்கள், கழுத்தளவு தண்ணீரில் நின்று வலையின் மறுமுனையைப் பிடிப்பார்கள். நீந்த மாட்டார்கள். யாரும் தடுத்ததில்லை, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. கால் நிலத்தில் படும் இடம்வரை வாவி பெண்களுடையது, அதற்கப்பால் ஆண்களுடையது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி நினைத்திருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. மங்கையற்கரசியும் முப்பத்துநாலு வயதுவரை அப்படித்தான் இருந்தாள்.

அவளுடைய கணவன் வினாயகமூர்த்தி துறைத் தோணிக்காரன். வாவிக்குக் கிழக்கே, எங்கள் ஊர்ப் பக்கம், இராணுவம் இருந்தது. மேற்கே படுவான்கரையில் இயக்கம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வாவி இருந்தது. வாவியில் வினாயகமூர்த்தி இருந்தான். அக்கரை வட்டைகளில் வயல் செய்கிறவர்களையும், அங்கே பெண் கொடுத்தவர்களையும், மருந்துக்கு வருகிறவர்களையும் அவன் ஏற்றி இறக்கினான். தொண்ணூற்றேழில், வயல் வெட்டு முடிந்த கையோடு, ஒரு நாள் ஆட்களை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பியவன் வந்து சேரவில்லை. தோணி மட்டும் வந்தது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து கண்ணா என்ற அலையாத்தி மரங்களுக்குள் செருகியிருந்தது. அவனைக் கொண்டுபோனவர்கள் யார் என்பதற்கு ஊரில் இரண்டு கதைகள் உண்டு. மங்கையற்கரசி இரண்டு கதைகளின் வாசலிலும் போய் நின்றாள். இரண்டு இடத்திலும் நாளைக்கு வரச் சொன்னார்கள்.

தோணியை இழுத்துக் கரையில் கவிழ்த்துவைத்தாள். அவளிடம் மிஞ்சியிருந்தது அதுவும், அதோடு சேர்ந்த துறைமுறையும்.

தில்லைக்குடாவின் துறைகள் ஒவ்வொன்றிலும் ஒரு தோணிதான் ஆளேற்றலாம். அந்த உரிமைக்குத் துறைமுறை என்று பெயர். அது ஒரு குடும்பத்தில் நிற்கும். ஆனால் எடுக்கிறவர் கவிழ்ப்புக்குப் போகவேண்டும். மாரி மழையில் வாவி நிரம்பியிருக்கும் ஒரு நாளில், தோணியை ஊன்றித் தள்ளும் கம்பு எட்டாத நடு வாவியில், உடுத்த உடுப்போடு தோணியைக் கவிழ்த்து, கவிழ்ந்த தோணியைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். தோணியை விட்டுவிட்டு ஆள் மட்டும் வந்தால் செல்லாது. அடுத்த மாரி முடிவதற்குள் குடும்பத்திலிருந்து ஒருவரும் போகாவிட்டால் முறை மீனவர் சங்கத்துக்குத் திரும்பும். சங்கத் தலைவர் வல்லிபுரத்தின் மருமகன் ஒருவன் அதற்காகக் கம்பு சீவிவைத்திருந்தான்.

சங்கம் கூடிய நாளில் மங்கையற்கரசி போய் வாகை மரத்தடியில் நின்றாள்.

"நான் எடுக்கிறன்" என்றாள்.

"என்னத்தப் புள்ள?" என்றார் வல்லிபுரம்.

"கவிழ்ப்ப."

யாரோ ஒருவன், "முதலைக்கும் பசிதான் மங்கை, அதுக்காக இப்பிடி இரக்கப்படுறதா?" என்றான். சிரித்தார்கள். வல்லிபுரம் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் எளிதில் சிரிக்கிறவரல்ல; அவரைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்ல விசயங்களில் அது ஒன்று.

"நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியா."

"பிறகு?"

"மாரிக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே மாமா. நீங்க நீந்தத் தெரிஞ்சா பிறந்தீங்க?"

அடுத்த நாள் காலையில், பாவாடைக்கு மேல் வினாயகமூர்த்தியின் நீளக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வாவியில் இறங்கினாள். இடுப்பளவு, நெஞ்சளவு, கழுத்தளவு. பிறகு நிலத்தை விட்டாள். கையையும் காலையும் ஒன்றாக அடித்தாள். தாழ்ந்தாள். எழும்பி இருமினாள். மறுபடியும் தாழ்ந்தாள். கரையில் வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழமை இப்படிப் போனது. கற்றுக்கொண்டது என்று சொல்ல ஒன்றும் இல்லை; குடித்த தண்ணீர்தான் மிச்சம்.

ஸைனம்பு அவளைக் கண்டது அந்தக் கிழமையின் முடிவில். ஏறாவூரிலிருந்து மீன் வாங்க வரும் கச்சி முகம்மதுவின் மனைவி. தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே நடந்தவற்றுக்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர் ஏறாவூருக்கும் அவர்கள் இங்கேயும் வராமல் சில வருடங்கள் கிடந்தன. முதலில் மீன் போகத் தொடங்கியது, பிறகுதான் ஆட்கள். ஸைனம்பு வந்தது கருவாட்டுக்கு நெத்தலி பார்க்க. வந்தவள் குடையைப் பிடித்தபடி கரையில் குந்தி, மங்கையற்கரசி தாழ்வதை வெகுநேரம் பார்த்தாள்.

"என்னகா செய்யுறாய்?" என்று கூப்பிட்டுக் கேட்டாள். "சாகிறதெண்டா ஒரேயடியாச் சாவுகா. இதென்ன தவணை முறையில?"

"நீந்தப் பழகிறன்."

"இதுக்குப் பேரா நீச்சல்? கையும் காலும் மூச்சும் எல்லாத்தையும் ஒரே நேரத்துல பழகப் பார்க்கிறாய். ஒண்டொண்டாப் பழகோணும்."

"ராத்தாவுக்கு நீந்தத் தெரியுமா?"

"எனக்கா? கிணத்துல வாளி விழுந்தாலே எனக்கு நெஞ்சு அடிக்கும்."

"பிறகென்ன வாய்?"

"குவைத்துல நான் வேல செஞ்ச வீட்டுல புள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஒரு மாஸ்டர் வருவான். நான் துவட்டுற துவாயோட தொட்டி ஓரத்துல குந்தி இரிப்பன். வருசக் கணக்கா இரிந்தன். துவாய்க்குக் காதில்ல, எனக்கு இரிக்கி."

அப்படித்தான் தில்லைக்குடா வாவியில் நீச்சல் பயிற்சி தொடங்கியது. பயிற்றுநர் ஒரு நாளும் கணுக்காலுக்கு மேல் நனையவில்லை.

ஸைனம்பு முதலில் கேட்டது பலகை. குவைத்தில் அது நீலநிறத்தில், வழுவழுப்பாக இருக்குமாம். இங்கே கச்சி முகம்மதுவின் சைக்கிளில் ஐஸ் மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டி, பாரமில்லாத வெள்ளை நுரைப்பெட்டி, இருந்தது. அதன் மூடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. "மூடிய எடுத்தா மீன் என்னாகும்?" என்று அவன் கேட்டான். "சாக்கப் போட்டு மூடுங்க. செத்த மீன்தானே, குளிருதெண்டு அழப்போறதில்ல" என்றாள் ஸைனம்பு. மங்கையற்கரசி மூடியின் மேல் கைகளை நீட்டிப் போட்டுக்கொண்டு காலை மட்டும் அடித்தாள். முதன்முறையாகத் தாழவில்லை. கால் என்ன செய்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது: முழங்காலை மடக்கி, சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டிருந்தாள். "தொடையால அடி! தொடையால!" என்று கரையிலிருந்து சத்தம் வந்தது.

பிறகு கைகளுக்கு. இரண்டு வெறும் எண்ணெய்ப் போத்தல்களை மூடி இறுக்கிச் சேர்த்துக் கட்டித் தொடைகளுக்கு நடுவே கவ்வக் கொடுத்தாள் ஸைனம்பு. இப்போது கால் மிதக்கும், கை மட்டும் வேலை செய்யும். உள்ளங்கையில் ரப்பர் செருப்பைக் கட்டித் தண்ணீரை இழுக்கச் சொன்னாள். கை தண்ணீருக்குள் சரிவாகப் போனால் செருப்பு திரும்பிக் கழன்றுபோகும். நேராகப் போனால் நிற்கும். எந்த வாத்தியாரும் அவ்வளவு உடனடியாகப் பிழையைச் சொல்லியிருக்க முடியாது.

கடைசியாகக் கச்சி முகம்மது பழைய லொறி ரியூப்பை வெட்டி, இரண்டாகப் பிரிந்த கவர்த்தடியில் இழுத்துக் கட்டி, காலில் மாட்ட ஒரு சோடி செய்துகொடுத்தான். வாத்துக் காலைப்போல விரிந்திருந்தது. இந்தப் பக்கம் வாத்தைத் தாரா என்பார்கள்; எனவே அதற்குத் தாராக்கால் என்று பெயர் விழுந்தது. அதை மாட்டிக்கொண்டு மூடியைப் பிடித்து அடித்தால், தொடை நரம்பு தீப்பிடித்ததுபோல் எரியும். மூடி மட்டும் ஓடும்.

ஊர் இதை விரும்பவில்லை. பெண் நீந்துவதைவிட, சாமான்களோடு நீந்துவதுதான் அவர்களுக்கு இன்னும் பெரிய கேலியாக இருந்தது. "குழந்தப்புள்ளட விளையாட்டுச் சாமான்" என்றார் வல்லிபுரம். "தோணி கவிழ்க்கக்க வாவி உனக்கு மூடி கொண்டுவந்து தருமா புள்ள?"

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடக்கூடாது. தாங்குகிற பொருள் தாங்கப்படுகிறவரைப் பலவீனமாக்கும் என்பது பழைய சந்தேகம், முழுக்கப் பொய்யும் அல்ல. ஊன்றுகோலை விடாமல் நடையை மறந்தவர்கள் உண்டு. ஆனால் வல்லிபுரத்தின் கேள்வியில் ஒரு குறை இருந்தது. மூடி அவளை மிதக்கவைப்பதற்காக மட்டும் அங்கே இருக்கவில்லை. மிதப்பது என்ற கவலையைக் கொஞ்ச நேரம் அவளிடமிருந்து வாங்கிவைத்துக்கொண்டு, காலைக் கவனிக்க விட்டது. பயந்துகொண்டிருக்கும் உடம்புக்கு எதையும் கற்பிக்க முடியாது. ஸைனம்பு இதை வேறு விதமாகச் சொன்னாள்:

"அந்த மாஸ்டர் முதல்ல பலகையக் குடுப்பான். புள்ள பழகினதும் பறிப்பான். குடுக்கவும் பறிக்கவும்தான் அவனுக்குச் சம்பளம்."

"ராத்தா எப்பப் பறிப்பீங்க?"

"பொறுகா. எனக்கு இன்னும் சம்பளமே வரல்ல."

பறிக்க வேறு ஆள் வந்தது. துறைக்குப் பக்கத்தில் மணல்மூட்டை அடுக்கிய காவலரண் இருந்தது. காவலுக்கு நின்ற இராணுவத்தினர் அவளை முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூடியைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. தாராக்காலைக் கண்டதும் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் தண்ணீருக்கடியில் குண்டோடு நீந்தி வருகிறவர்களைப் பற்றி அவர்களுக்கு இருந்த பயம் வீண் பயமல்ல.

"மே மொகத?" என்று ஒரு சிப்பாய் அதைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"தாராக்கால்."

"கொட்டிச் சப்பாத்து?" கொட்டி என்றால் புலி. அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகத் தொடங்கினார்கள். ஸைனம்பு மட்டும் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"கொட்டி இல்ல, தாரா" என்றாள் மங்கையற்கரசி. அவன் விளங்காமல் நிற்கவே, அவன் கையிலிருந்து அவற்றை வாங்கி, மணலில் உட்கார்ந்து காலில் மாட்டிக்கொண்டு, முழங்கையை இடுப்பில் மடித்து, க்வாக் க்வாக் என்றபடி காவலரணுக்கு முன்னால் நடந்தாள். நாலாவது அடியில் தடுக்கி விழுந்தாள். சிப்பாய்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த அதிகாரி சிரிக்கவில்லை. கொஞ்சம் தமிழ் பேசினான்.

"ஏன் நீந்திறது? எங்க போறது?"

"அக்கரைக்கு."

ஸைனம்பு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆக்கள ஏத்தப் போறன்" என்றாள் மங்கையற்கரசி. "எண்ட புருசன் ஏத்தின துறை. கூட்டிக்கொண்டு போனவங்க ஆரெண்டு தெரியா. உங்களுக்குத் தெரியுமா?"

அதிகாரி சிப்பாய்கள் பக்கம் திரும்பினான். மூடி, போத்தல், செருப்பு, தாராக்கால் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துப்போகச் சொன்னான். "இனி நீந்திறது இல்ல" என்றான்.

"குளிக்கலாமா?"

"குளிக்கலாம்."

"எவ்வளவு தூரத்துக்குக் குளிக்கலாம்?"

அவன் திரும்பி உள்ளே போனான். அவளை ஒரு இரவாவது உள்ளே வைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் அதைவிடச் சிறிய காரணங்கள் போதுமாயிருந்தன. அன்று ஏன் விட்டான் என்பது தெரியவில்லை. அதைக் கருணை என்று எழுதிவைக்கவும் மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை அவள் குளிக்கப் போனாள். வாவிக்குள் ஊன்றிய கட்டுவலைக் கம்புகள்வரை போய்க் குளித்தாள். அதற்கடுத்த நாள் அந்தக் கம்புகளைத் தாண்டிக் குளித்தாள். கையில் ஒன்றுமில்லை, காலிலும் ஒன்றுமில்லை. தாழவில்லை. தொடை தானாக அடித்தது. செருப்பு இல்லாத உள்ளங்கை செருப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு நேராக இறங்கியது. கரைக்கு வந்தபோது ஸைனம்பு, "ஆமிக்காரன் சம்பளமில்லாமப் பறிச்சுத் தந்திட்டான் பாத்தியா" என்றாள்.

புரட்டாதி முடிவதற்குள் துறையில் ஓர் ஆண் நீந்துகிற தூரத்தை அவள் நீந்தினாள். கேலி நின்றது. கேலி நின்றால் மரியாதை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவளும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தனக்கு இனி ஒரு துணையும் வேண்டியதில்லை என்று நினைத்தாள். அதுதான் பிழை.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஆறுகள் மேற்கிலிருந்து கலங்கல் தண்ணீரை இறக்கின. வாவி நிரம்பிக் கண்ணா மரங்களின் இடுப்புவரை ஏறியது. மழை விட்ட ஒரு காலையில் வல்லிபுரம் கவிழ்ப்புக்கு நாள் சொன்னார். தோணி கவிழப்போகிறது, யாரும் சுடவேண்டாம் என்று காவலரணுக்கும் சொல்லியனுப்பினார்கள். ஊர் கரையில் நின்றது. இரண்டு பேர் அவளோடு நடு வாவிவரை வேறு தோணியில் வந்தார்கள்.

அவள் தன் தோணியின் ஒரு பக்கத்தில் பாரம் கொடுத்துக் கவிழ்த்தாள். தண்ணீருக்குள் போனாள். எழும்பினாள். எழும்பவேண்டிய உயரத்துக்கு எழும்பவில்லை. வாய் இருக்கவேண்டிய இடத்தில் மூக்கு இருந்தது. மூச்சு வாங்கத் தலையைத் திருப்பியபோது காற்று இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது. சேட்டும் பாவாடையும் கீழே இழுத்தன. தோணியைத் தள்ளினாள், தோணி அசையவில்லை, அவள்தான் கீழே போனாள். திரும்பத் திரும்ப அதே அளவு, ஒரு கையகலம், தண்ணீர் அவளைத் தாங்காமல் விட்டது. கடைசியில் தோணியின் அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். மற்றத் தோணியில் இருந்தவர்கள் ஏற்றினார்கள்.

கரையில் வல்லிபுரம் ஏளனம் செய்யவில்லை. "வீட்ட போய் உடுப்ப மாத்து புள்ள" என்றார். "நல்லாத்தான் முயற்சித்தாய்."

அந்த நல்லாத்தான் என்ற சொல் அவளுக்குச் சிரிப்பைவிட மோசமாகப் பட்டது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. கரையில் குந்தியிருந்து வாயில் மிஞ்சியிருந்த தண்ணீரைத் துப்பினாள். பிறகு எழுந்துபோய் ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தாள்.

"ராத்தா, இத வாயில வையுங்க."

"சேறுகா இது."

"உப்புக் கரிக்குதா?"

ஸைனம்பு நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள். "இல்ல. குளத்துத் தண்ணி மாதிரி இரிக்கி."

கோடையில் வாவி கடலைப்போல் உப்பாகக் கிடக்கும். மாரியில் ஆறுகளின் தண்ணீர் வந்து அதை நல்ல தண்ணீராக்கிவிடும். இது தில்லைக்குடாவில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். மீன் மாறும், றால் இடம்பெயரும், அதற்கேற்ப வலையை மாற்றுவார்கள். உப்புத் தண்ணீர் ஆளை அதிகம் தூக்கும், நல்ல தண்ணீர் குறையத் தூக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஸைனம்புவுக்கும் தோன்றவில்லை, குவைத்துத் தொட்டியில் என்றைக்கும் ஒரே தண்ணீர்தான்.

மூடி பறிபோன பிறகு தன்னிடம் ஒரு துணையும் இல்லை என்று மங்கையற்கரசி நினைத்திருந்தாள். ஒன்று இருந்தது. வாவி முழுக்கக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல், கோடை முழுவதும் உப்பு அவளை ஒரு கையகலம் உயர்த்திப் பிடித்திருந்தது. நம்மைத் தாங்குகிறவற்றில் தெரிகிறவை கொஞ்சம். தெரியாதவற்றைத்தான் நம் பலம் என்று எண்ணிக்கொள்கிறோம். கவிழ்ப்பை மாரியில் வைத்த முன்னோர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். பிறகு வந்தவர்கள் மாரியை வைத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டார்கள்.

"அப்ப முதல்ல இரிந்து தொடங்குவம்" என்றாள் ஸைனம்பு. "நல்ல தண்ணில பலகை, நல்ல தண்ணில போத்தல். உப்புல பழகினது உப்போட போகட்டும்."

"மூடி ஆமிக்காரன்ட்டக் கிடக்கு."

அந்த மூடி காவலரணில் நடுவில் கட்டம் கீறப்பட்டுக் கிடந்தது. சோடாப்போத்தல் மூடிகளைக் காயாக வைத்துச் சிப்பாய்கள் அதில் தாம் என்ற கட்ட ஆட்டம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனாள். கச்சி முகம்மது புதுப் பெட்டியின் மூடியைக் கழற்றிக் கொடுத்தான். இந்தமுறை மீனைப் பற்றி அவன் கேட்கவில்லை.

மழையில் பழகினாள். காலை மட்டும் முதலில், பிறகு கையை மட்டும். தலை எவ்வளவு தாழ்ந்து போகிறது, மூச்சுக்கு எவ்வளவு கூடத் திரும்பவேண்டும் என்பதை மறுபடியும் படித்தாள். ஒரு முறை கற்றுவிட்டதை மீண்டும் முதலிலிருந்து கற்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம், வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. அவள் வெட்கப்பட மறுத்தாள். காவலரணிலிருந்து ஒரு சிப்பாய், "தாரா! தாரா!" என்று கூப்பிட்டான். அவள் தண்ணீரில் இருந்தபடியே க்வாக் என்றாள்.

மூடியை முன்னால் நீட்டிப் பிடித்துக் காலை அடிக்கும்போது ஒரு நாள் அவளுக்கு ஒன்று தோன்றியது. ஆண்கள் கவிழ்ந்த தோணியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு மறு கையால் நீந்துவார்கள். அவளுக்கு அந்தத் தோள் இல்லை. ஆனால் தோணியின் பின்னால் போய், இரண்டு கையையும் அதன் மேல் நீட்டிப் போட்டுக்கொண்டு, காலை மட்டும் அடித்தால்? தோணியும் ஒரு மூடிதான். கொஞ்சம் பெரிய மூடி.

வாவி வற்றத் தொடங்குமுன் சங்கம் மறுபடியும் கூடியது. முறையை மருமகனுக்குக் கொடுப்பதற்காக.

"எனக்கு இன்னும் கவிழ்ப்பு நடக்கல்ல" என்றாள் மங்கையற்கரசி.

வல்லிபுரம் நிமிர்ந்து பார்த்தார். "ஊரே பாத்தது புள்ள."

"ஊர் பாத்தது. தலைவர் எங்க இருந்தவர்?"

கவிழ்ப்பின்போது சங்கத் தலைவர் தோணியில் ஏறி இருக்கவேண்டும் என்பதுதான் தில்லைக்குடாவின் பழைய முறை. தோணிக்காரனைச் சோதிக்கிறவர் கரையில் நிற்கிறவரல்ல, அவனோடு தண்ணீரில் விழுகிறவர். வினாயகமூர்த்தியின் கவிழ்ப்பில் அப்போதைய தலைவர் வாயில் வெற்றிலையோடு விழுந்து, வெற்றிலைப் பெட்டியைத் தொலைத்தார். வேறு துறையில் வல்லிபுரம் எடுத்த கவிழ்ப்பிலும் அப்படித்தான். வல்லிபுரம் தலைவரான பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. நிலைமை சரியில்லை, ஆமி பார்க்கிறான் என்றார்கள்.

"அது அந்தக் காலம்" என்றார் வல்லிபுரம்.

"மாரியில கவிழ்க்கிறது மட்டும் இந்தக் காலமா மாமா? முறையெண்டா முழு முறை. தலைவர் ஏறாத கவிழ்ப்பு செல்லாதெண்டா எண்ட கவிழ்ப்பும் செல்லாது, நீங்க தலைவரான பிறகு மற்றத் துறைகளில எடுத்தவங்கடதும் செல்லாது. செல்லுமெண்டு சொல்லுங்க, நான் போறன்."

"இவளுக்கு வாய் நீந்துது" என்றான் மருமகன்.

"காலும் நீந்தும். மாமா ஏறினாக் காட்டுறன். ஏறப் பயமெண்டாச் சொல்லச் சொல்லுங்க."

வல்லிபுரம் சால்வையை மடித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "நாளைக்கு" என்றார். "நான் ஏறுறன். நீ கவிழ்த்துப் பாரு."

அடுத்த நாள் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சேட்டில்லாமல் வந்து தோணியின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கடைசியாக எப்போது நீந்தினார் என்பதை அவரே மறந்திருக்கவேண்டும். மங்கையற்கரசி ரெஜிபோம் மூடியை அவர் காலடியில் வைத்தாள்.

"இதென்ன?"

"உங்களுக்கு."

அவர் அதைக் காலால் ஒதுக்கித் தள்ளினார். அவள் கம்பை ஊன்றினாள். கம்பு எட்டும்வரை ஊன்றினாள். எட்டாத இடத்தில் கம்பைத் தோணிக்குள் போட்டாள்.

"சொல்லுங்க மாமா. கவிழ்க்கட்டா?"

வல்லிபுரம் கரையைப் பார்த்தார். கரை தூரத்தில், மழை இருட்டில், ஒரு கோடாகக் கிடந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் தோணியைத் திருப்பியிருப்பாள். அதுவும் ஒரு வெற்றிதான். அவர் சொல்லவில்லை. அந்த மனிதரிடம் இருந்த பெருமையில் ஒரு பங்கு நேர்மையும் இருந்தது. "கவிழ்" என்றார்.

கவிழ்த்தாள்.

இருவரும் உள்ளே போனார்கள். அவள் தன் அளவை அறிந்து எழும்பினாள். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் மூக்கும், வாய் இருக்கவேண்டிய இடத்தில் வாயும் இருந்தன. வல்லிபுரம் எழும்பினார், இருமினார், கையால் வெறும் தண்ணீரைப் பிடித்தார், மறுபடியும் தாழ்ந்தார். மூடி அவர்களுக்குப் பக்கத்தில் வெள்ளையாக மிதந்தது. அவள் அதைத் தள்ளி அவருடைய நெஞ்சுக்குக் கீழே செருகினாள்.

"பிடியுங்க மாமா. கையை நீட்டிப் பிடியுங்க. தொடையால அடியுங்க."

அவர் பிடித்தார். அடித்தாரா என்பது தெரியாது. அவள் தோணியின் பின்பக்கம் போய், தோணிக் கயிற்றை அவருடைய மேல்கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கைகளைத் தோணியின் மேல் நீட்டினாள். காலை அடிக்கத் தொடங்கினாள். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு தோணி, ஒரு கிழட்டு எருமை எழும்புவதுபோல், மனமில்லாமல் அசைந்தது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தது. துறைக்கு நேராக வரமுடியாது என்று தெரிந்ததும் அவள் அதோடு சண்டைபிடிக்கவில்லை. சரிவாகவே விட்டு, துறைக்குக் கீழே கண்ணாக்காட்டுப் பக்கம் கொண்டுவந்தாள். ஊர் கரையோரமாக ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால் குடையோடு ஸைனம்பு ஓடினாள். "முழங்கால மடக்காத! முழங்கால மடக்காத!" என்ற சத்தம் வாவியெல்லாம் கேட்டது.

கால் சேற்றில் பட்டது. தோணி கரையில் முட்டியது. வல்லிபுரம் கயிற்றிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி, மூடியை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மருமகன் அவரைப் பிடிக்க வந்தான், அவர் தட்டிவிட்டார். வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, தோணியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"கம்பு எங்க?" என்றார்.

மங்கையற்கரசி திரும்பிப் பார்த்தாள். கம்பு தூரத்தில், நீரோட்டத்தோடு, முகத்துவாரப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"தோணிக்காரி கம்ப விடப்படாது" என்றார் வல்லிபுரம்.

அவளுக்கு மூச்சு இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. சேட்டுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடியும் வாவிக்குள் இறங்கினாள்.

"மூடிய வாங்கிட்டுப் போகா!" என்று கத்தினாள் ஸைனம்பு.

"அது மாமாட்ட இரிக்கட்டும் ராத்தா" என்றாள் மங்கையற்கரசி. "அவருக்கு இன்னும் பழகல்ல."

நிலத்தை விட்டு, கம்பை நோக்கி நீந்தத் தொடங்கினாள்.